எலக்ட்ரானை எடை போடலாம்

1 ஆம்பியர் மின்சாரம் 1 மணி நேரம் ஓடினால் 1.19 கிராம் செம்பு. காப்பர் சல்பேட் கரைத்த தண்ணீரில் இரண்டு செப்புத் தகடுகளைத் தொங்கவிட்டு யார் செய்தாலும் சரி, மார்கழிக் குளிரில் செய்தாலும் சித்திரை வெயிலில் செய்தாலும் சரி, பாத்திரம் சின்னதோ பெரியதோ, ஒரு தகட்டில் ஏறுவது அதே 1.19 கிராம்தான். இயற்கை இவ்வளவு நாணயமாகக் கணக்கு வைத்திருக்கிறது என்பதை என் வீட்டு மாடி அறையிலேயே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மின்னாற்பகுப்பு என்றதும் பலருக்கும் பள்ளிப் பாடப் புத்தகத்துப் படம் ஒன்று நினைவுக்கு வரும். ஒரு பீக்கர், இரண்டு கம்பி, ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி. ஐந்து மதிப்பெண்ணுக்கு வரைந்துவிட்டு மறந்துபோன படம். அதற்குள் இருப்பது எலக்ட்ரான்களை எண்ணுகிற இயந்திரம்! அதுவும் நகைக்கடைத் தராசை வைத்து எண்ணுகிற இயந்திரம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே யாராவது என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

வேண்டிய பொருள்கள் எல்லாம் பக்கத்துத் தெருக்களிலேயே கிடைக்கும். செப்புத் தகடு பூஜைச் சாமான் கடையில் இருக்கிறது. எந்திரம் எழுதுவதற்கென்று விற்கிற மெல்லிய தகடு, கத்தரிக்கோலாலேயே வெட்டிவிடலாம். மயில்துத்தம் என்று கேட்டால் உரக்கடையில் தருவார்கள். சுண்ணாம்போடு சேர்த்துப் போர்டோ கலவை தயாரிக்க விவசாயிகள் வாங்குகிற அந்த நீலக் கல்தான் காப்பர் சல்பேட். நான் எடை பார்க்கப் போகிறேன் என்பதால் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் சுத்தமான சரக்காக வாங்கிக்கொண்டேன். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டரும் கொஞ்சம் ஆசிட்டும். நாம் வைத்த அளவிலேயே மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்துகிற சின்ன டி.சி. பவர் சப்ளை ஒன்று. கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு ஒன்று. இனி எதற்கும் பயன்படுத்தப் போவதில்லை என்று ஒதுக்கிவைத்த ஊறுகாய் ஜாடி ஒன்று. அவ்வளவுதான் என் ஆய்வுக்கூடம்.

அரை லிட்டர் தண்ணீரில் 100 கிராம் நீலக் கல்லைப் போட்டுக் கலக்கினேன். முதல் அதிசயம் இங்கேயே, ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மின்சாரம் உள்ளே போய் உப்பைப் பிளக்கிறது என்றுதான் நெடுங்காலம் பெரிய பெரிய அறிஞர்களும் நினைத்தார்கள். அது அப்படியல்ல. தண்ணீரில் கரையும்போதே உப்பு பிரிந்துவிடுகிறது. இரண்டு எலக்ட்ரானை இழந்த செம்பு அயனி தனி, அந்த இரண்டு எலக்ட்ரானையும் வைத்திருக்கும் சல்பேட் அயனி தனி. ஒவ்வொரு செம்பு அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன. அந்த மயக்கும் நீலம் செம்புக்கு மட்டும் சொந்தமில்லை, தண்ணீரோடு கைகோத்த செம்புக்குத்தான் சொந்தம். சந்தேகம் இருந்தால் சோதனைக் குழாயில் கொஞ்சம் நீலக் கல்லைப் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் போய், கல் வெளுத்துப் பொடியாகிவிடும். ஆறிய வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சொட்டு விழுந்த இடம் மட்டும் சட்டென்று நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

உப்பு கரையும்போதே அயனிகளாகப் பிரிகிறது என்று துணிந்து சொன்னவர் ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ். 1884-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உப்புக் கரைசல்களின் மின்கடத்தலைப் பற்றி அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குத் தேர்வாளர்கள் குறைந்த தரத்தைத்தான் கொடுத்தார்கள். அந்த வேலையிலிருந்து வளர்ந்த கொள்கைக்கு 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீலக் கரைசல் ஜாடியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த இளைஞரை நினைத்துக்கொள்கிறேன்.

இனி ஸ்விட்சுக்கு வருவோம். கரைசலில் சில மில்லி ஆசிட் சேர்த்தேன். ஆசிட்டைத்தான் தண்ணீரில் விட வேண்டும், ஒருபோதும் தண்ணீரை ஆசிட்டில் விடக் கூடாது. இரண்டு தகடுகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவைத்து, நிறுத்து, எடையைக் குறித்துக்கொண்டு, ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே தொங்கவிட்டேன். மின்னோட்டத்தை 0.2 ஆம்பியரில் வைத்தேன். பவர் சப்ளையில் வோல்ட் காட்டும் எண் அரை வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. கடிகாரத்தில் போடும் பென்சில் செல்லின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! இரண்டு பக்கமும் செம்பு என்பதால் ஒரு பக்கம் கரைவதற்கு ஆகும் ஆற்றல் மறுபக்கம் படியும்போது திரும்பிவிடுகிறது. கரைசலின் தடையைத் தாண்டவும், தகடுகளின் பரப்பில் வினையை நடத்தவும் தேவைப்படும் கொஞ்சநஞ்ச அழுத்தம்தான் அந்த எண்.

முதலில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. குமிழி இல்லை, சத்தம் இல்லை. ஜாடிக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோங்கள். எதிர்முனைத் தகட்டை ஒட்டி மெல்லிய அலை ஒன்று மேல்நோக்கி ஏறுவது தெரியும். நேர்முனைத் தகட்டை ஒட்டி இன்னொன்று கீழ்நோக்கி வழிந்துகொண்டிருக்கும். வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் நெளியும் கானலைப் பார்த்திருப்பீர்களே, அப்படித்தான், ஆனால் நீல நிறத்தில். எதிர்முனையில் செம்பை இழந்த கரைசல் எடை குறைந்து மேலே போகிறது. நேர்முனையில் செம்பு சேர்ந்த கரைசல் கனத்துக் கீழே இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அயனிகளின் வேலை கண்ணுக்குத் தெரிகிற ஓட்டமாக மாறி நிற்கிறது. இதை நான் எந்தப் பாடப்புத்தகப் படத்திலும் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகடுகளில் நடப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். கரைசலுக்குள் எலக்ட்ரான் தனியாக நீந்திப் போவதில்லை; அங்கே மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். எதிர்முனைக்கு வந்த செம்பு அயனி, தன்னைச் சூழ்ந்த தண்ணீரை உதறிவிட்டு, தகட்டிலிருந்து எலக்ட்ரானை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் அது அயனி இல்லை, செம்பு அணு. உடனே அங்கேயே உட்கார்ந்துவிடுவதில்லை. தகட்டின் பரப்பில் சற்று அலைந்து, படிகத்தில் ஒரு படி விளிம்போ மூலையோ தட்டுப்பட்டதும் அங்கே போய்ப் பொருந்துகிறது. அதே நேரத்தில் நேர்முனையில் ஒரு செம்பு அணு இரண்டு எலக்ட்ரானைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறது. 0.2 ஆம்பியரில் நொடிக்கு ஏறக்குறைய ஆறாயிரம் கோடி கோடி அணுக்கள் இப்படி ஏறி இறங்குகின்றன. என் ஊறுகாய் ஜாடிக்குள்!

என்னை மிகவும் உலுக்கிய செய்தி அயனிகளின் வேகம்தான். மின்சாரம் என்றாலே மின்னல் வேகம் என்று நினைத்துப் பழகியவன் நான். என் ஜாடியில் இருந்த அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மின்புலத்தின் இழுப்பால் மட்டும் ஒரு செம்பு அயனி நகரும் தூரம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அப்படியென்றால் நேர்முனையில் இப்போது இறங்கிய செம்பு அணு, ஐந்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் எதிர்முனையை இழுப்பை மட்டும் நம்பி எட்ட வேண்டுமானால் இரண்டு நாளாவது ஆகும். ஆனால் எதிர்முனையில் ஸ்விட்சைப் போட்ட கணத்திலேயே செம்பு படியத் தொடங்கிவிடுகிறது. படிவது ஏற்கெனவே பக்கத்தில் இருந்த செம்பு. அந்தப் பக்கம் ஒன்று நுழைய, இந்தப் பக்கம் வேறொன்று வெளியேறுகிறது; கரைசலின் மொத்தக் கணக்கு மாறுவதே இல்லை. நடுவில் இருக்கும் தூரத்தை விரவுதலும், அந்த நீல அலையோட்டமும்தான் நிரப்புகின்றன. ஆசிட் ஊற்றியிருப்பதால் மின்சாரத்தின் பெரும்பங்கை ஹைட்ரஜன் அயனிகளே சுமந்துவிடுகின்றன. அவை செம்பு அயனிகளைவிடப் பல மடங்கு வேகமானவை.

ஐந்து மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்தேன். எதிர்முனைத் தகட்டை வெளியே எடுத்தபோது அதன் நிறம் இருக்கிறதே! கடையில் வாங்கிய செம்பின் பழுப்பு இல்லை. அப்போதுதான் பிறந்த செம்புக்கே உரிய இளஞ்சிவப்பு, மேலே மெல்லிய பட்டுப் பளபளப்பு. காற்றுப் பட்டுக் கறுக்காத செம்பை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? டிஸ்டில்டு வாட்டரில் மெல்ல அலசி, துடைக்காமல் காயவிட்டு, தராசில் வைத்தேன். 0.2 ஆம்பியர், 18,000 நொடி. பெருக்கினால் 3600 கூலும். கணக்கின்படி ஏறியிருக்க வேண்டியது 1.19 கிராம். தராசு காட்டியது 1.18. நான் வாய்விட்டுக் கத்தியதில் கீழ்வீட்டு அக்கா மாடிக்கு ஏறி வந்துவிட்டார். அவரையும் உட்காரவைத்து முழுக்கதையையும் சொன்னேன். தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் தண்ணிக்குள்ளே இருந்துதா வந்துச்சு?" என்று கேட்டார். ஆமாம் அக்கா, தண்ணீருக்குள் இருந்துதான் வந்தது!

இந்த விகிதத்தைக் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர். 1833, 1834 ஆண்டுகளில் அவர் விதவிதமான கரைசல்களிலும் உருகிய உப்புகளிலும் மின்சாரம் பாய்ச்சி, எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவுக்குத்தான் பொருள் வெளிவருகிறது என்று நிறுவினார். அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பிரமாதம். 1881-ல் லண்டனில் ஃபாரடேயின் நினைவாகப் பேச வந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பொருள் அணுக்களால் ஆனது என்று ஒப்புக்கொண்டால் மின்சாரமும் பிரிக்க முடியாத துணுக்குகளால் ஆனது என்று ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று எடுத்துக்காட்டினார். 1891-ல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி அந்தத் துணுக்குக்கு எலக்ட்ரான் என்று பெயர் வைத்தார். 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். பெயர் வைப்பதற்கும் கண்டறிவதற்கும் முன்பே அதன் இருப்பை உப்புக் கரைசலும் தராசும் சொல்லிவிட்டன.

இன்று எலக்ட்ரானின் மின்னூட்டம் நமக்குத் தெரியும், 1.602 × 10⁻¹⁹ கூலும். அப்படியானால் என் 3600 கூலுமில் எத்தனை எலக்ட்ரான்? வகுத்தால் 2.25 × 10²². ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் படிந்த அணுக்கள் அதில் பாதி, 1.12 × 10²². தராசு காட்டிய 1.18 கிராமை இந்த எண்ணால் வகுத்தேன். 1.05 × 10⁻²² கிராம். ஒரு செம்பு அணுவின் எடை! புத்தகத்தில் இருக்கும் எண் 1.055 × 10⁻²². பூஜைச் சாமான் கடைத் தகடு, ஊறுகாய் ஜாடி, சின்னத் தராசு இவற்றை வைத்துக்கொண்டு ஓர் அணுவின் எடையை நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் பிடித்துவிடலாம். இதைவிடப் பெரிய விருந்தை அறிவியல் வீட்டுக்குள் வைத்துத் தருமா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நாணயத்தை உலகமே நம்பிய காலமும் உண்டு. ஆம்பியர் என்ற அளவையே மின்னாற்பகுப்பை வைத்துத்தான் வரையறுத்தார்கள். சில்வர் நைட்ரேட் கரைசலிலிருந்து நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டம் எதுவோ அதுவே 1 ஆம்பியர். 1893-ல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாட்டில் எடுத்த முடிவு, 1908-ல் லண்டனில் உறுதிசெய்யப்பட்டு, 1948 வரை நடப்பில் இருந்தது. மின்சாரத்தின் அளவைத் தராசு தீர்மானித்தது.

செம்புத் தகடு இரண்டையும் வைத்து ஆடியாயிற்று என்றால், நேர்முனையை மட்டும் மாற்றிப் பாருங்கள். பென்சில் ஈயக் குச்சியோ, கிராஃபைட் கம்பியோ போதும். அத்தனையும் மாறிவிடும். கிராஃபைட் கரையாது, அங்கே தண்ணீரே எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஆக்ஸிஜன் குமிழியாகப் பொரிகிறது. எதிர்முனையில் மட்டும் செம்பு படிந்துகொண்டே போகும். ஈடுசெய்ய யாரும் இல்லாததால் கரைசலின் நீலம் வெளிறிக்கொண்டே வந்து கடைசியில் தெளிந்த தண்ணீராகிவிடும். தண்ணீர் என்று தொட்டுவிடாதீர்கள், மிச்சம் இருப்பது கந்தக அமிலம். இதற்கு அரை வோல்ட் போதாது. செம்பு கொடுத்த ஆற்றலைத் தண்ணீர் கொடுக்காது என்பதால் ஒரு வோல்ட்டுக்கும் மேலே கேட்கும்.

எல்லா உலோக உப்பும் இப்படித் தன் உலோகத்தைத் தந்துவிடுமா என்றால், இல்லை. எதிர்முனையில் எலக்ட்ரானுக்கு உலோக அயனியும் போட்டியிடுகிறது, தண்ணீரும் போட்டியிடுகிறது. வெள்ளியும் செம்பும் எலக்ட்ரானை ஆவலோடு வாங்கிக்கொள்பவை, எளிதில் வென்றுவிடும். சோடியம் சாதாரணமாக வெல்லாது. சமையல் உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டால் ஒரு முனையில் ஹைட்ரஜன், மறுமுனையில் குளோரின், ஜாடியில் காஸ்டிக் சோடா. மேட்டூர் ஆலைகள் காஸ்டிக் சோடா எடுப்பது உப்புக் கரைசலின் மின்னாற்பகுப்பால்தான். வீட்டில் மட்டும் இதைச் செய்யவே வேண்டாம், குளோரின் நச்சு வாயு.

எனக்கு ரொம்பப் பிடித்தது துத்தநாகத்தின் கதை. ஏட்டுக் கணக்குப்படி துத்தநாகம் தண்ணீரிடம் தோற்றாக வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் குமிழியாக வெளிவருவதற்குச் சில உலோகப் பரப்புகள் சரியாக இடம் கொடுப்பதில்லை. அந்தத் தயக்கம் ஒரு வாய்ப்பு. அதைப் பிடித்துக்கொண்டு துத்தநாகம் ஜெயித்துவிடுகிறது. துத்தநாக சல்பேட் கரைசலில் அலுமினியத் தகடுகளைத் தொங்கவிட்டு, படிந்த துத்தநாகத்தை உரித்தெடுப்பது இன்றைக்கும் பெரிய தொழில். பாதரசத்தின் மேல் அந்தத் தயக்கம் இன்னும் அதிகம்; சோடியமே வென்று பாதரசத்துக்குள் கரைந்துவிடும். 1892-ல் காஸ்ட்னரும் கெல்னரும் தனித்தனியே கண்டுபிடித்த அந்த முறையில் நெடுங்காலம் காஸ்டிக் சோடா எடுத்தார்கள். பாதரச மாசுக்காக இப்போது கைவிட்டுவருகிறார்கள், அது நல்லதுதான். ஆனாலும் தண்ணீருக்கு நடுவிலேயே சோடியத்தை உலோகமாக வரவைத்த அந்த மூளையை வியக்காமல் இருக்க முடியவில்லை.

என் நேர்முனைத் தகட்டுக்குக் கீழே, ஜாடியின் அடியில், கொஞ்சம் கறுப்புத் தூள் படிந்திருந்தது. பூஜைத் தகட்டுச் செம்பில் இருந்த கலப்பு அது. அந்தத் தூளுக்குள் ஒரு பெரிய தொழிலே இருக்கிறது. தாது உருக்கி எடுத்த செம்பு மின்கம்பிக்கு லாயக்கில்லை. சின்னக் கலப்புகூடக் கடத்துதிறனைக் கெடுத்துவிடும். அதைத் தடித்த தகடாக வார்த்து நேர்முனையில் தொங்கவிடுவார்கள். எதிர்முனையில் மெல்லிய தகடு. நடுவில் என் ஜாடியில் இருந்த அதே காப்பர் சல்பேட்டும் கந்தக அமிலமும். செம்பைவிட எளிதில் கரையும் இரும்பும் நிக்கலும் கரைசலுக்குள் இறங்கும், ஆனால் இந்தச் சின்ன அழுத்தத்தில் மறுபக்கம் ஏற முடியாமல் கரைசலிலேயே தங்கிவிடும். வெள்ளியும் தங்கமும் கரையவே மறுத்து அடியில் சேறாக உதிரும். செம்பு மட்டும் கரைந்து, கடந்து, படியும், 99.99 சதவீதத் தூய்மையோடு. ஜேம்ஸ் எல்கிங்டன் 1865-ல் இதற்குக் காப்புரிமை வாங்கி, 1869-ல் வேல்ஸ் நாட்டுப் பெம்பிரேயில் ஆலை கண்டார். அடியில் சேர்ந்த சேற்றை அள்ளித் தங்கமும் வெள்ளியும் செலினியமும் பிரித்தெடுக்கிறார்கள். எதைக் கரைப்பது, எதை விடுவது, எதைப் படியவைப்பது என்று இத்தனையையும் தீர்மானிப்பது அரை வோல்ட்டுக்கும் குறைந்த ஓர் அழுத்தம்!

இந்தத் துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மழை பொய்க்கும் செட்டிநாட்டுச் செம்மண்ணில், மின்முனைகளையும் அயனிகளையும் ஆராய ஒரு கோட்டையைக் கட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! அந்தக் காலத்து 15 லட்சம் இன்றைக்கு எவ்வளவு என்று நினைக்கும்போதே மலைப்பாக இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டோடு திரும்பிவிடாதீர்கள். அந்த வளாகத்தின் வாசலையாவது ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மின்னோட்டத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். பெரிய தகட்டுக்குப் பதில் மெல்லிய கம்பி ஒன்றை எதிர்முனையாக வைத்து ஓட்டத்தை ஏற்றுங்கள். அயனிகள் வந்து சேர்வதைவிட வேகமாகப் படிவு நடக்கும். கம்பியை ஒட்டிய கரைசலில் செம்பு வறண்டுவிடும். அப்போது எந்த முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் புதுச் செம்பு எட்டும். அது இன்னும் நீளும். நீள நீள இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளை விட்டு, கிளையில் கிளை விட்டு, சிவந்த செம்பு இலைகள் வளரும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளை நுனியும் படிகக் கோணத்தில் கூர்ந்திருப்பது தெரியும். ஓட்டத்தை இன்னும் கூட்டினால் அழகெல்லாம் போய்க் கருஞ்சிவப்புப் பொடியாக உதிரும். எடை போடுவதற்குப் பொறுமையான ஓட்டம், வேடிக்கை பார்ப்பதற்கு வேகமான ஓட்டம்.

முலாம் பூசுகிறவர்களின் கைத்திறன் முழுக்க இந்தக் கிளைகளை முளைக்கவிடாமல் தடுப்பதில்தான் இருக்கிறது. சிதம்பரம் கவரிங் வளையலில் தங்கம் சமமாக ஏறியிருக்கிறதென்றால், ஓட்டத்தையும் கரைசலையும் ஒருவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறார் என்று பொருள். 1838-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மோரிட்ஸ் யாக்கோபி, அச்சின் மேல் கனமாகச் செம்பைப் படியவைத்து அச்சு அசல் உருவத்தை உரித்தெடுக்கும் வழியை அறிவித்தார். அந்த ஊர்ப் புனித ஐசக் பேராலயத்தின் சிலைகள் பலவும் இப்படிக் கரைசலில் வளர்ந்தவை. மின்சார வண்டிகளின் பேட்டரிக்குள் இருக்கும் மெல்லிய செப்புத் தாளை, காப்பர் சல்பேட் கரைசலில் சுழலும் டைட்டானிய உருளையின் மேல் படியவைத்து உரித்தெடுக்கிறார்கள். 1997-ல் ஐ.பி.எம். நிறுவனம் சிலிக்கான் சில்லுக்குள் அலுமினியக் கம்பிக்குப் பதில் செம்புக் கம்பி போடப் போவதாக அறிவித்தது. அந்தச் செம்பும் இதே நீலக் கரைசலிலிருந்து வருவதுதான். துளியளவு குளோரைடும் சில கரிமச் சேர்மங்களும் சேர்த்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களின் விளிம்பில் படியாமல் அடியிலிருந்து மேலே நிரம்பி வருகிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் கைப்பேசிக்குள்ளும் மயில்துத்தத்தின் வேலை இருக்கிறது.

செய்து பார்க்க ஆசை வந்தவர்களுக்குச் சில வார்த்தை. சுவர் பிளக்கின் மின்சாரத்தை நேரடியாக ஒருபோதும் கொண்டுவராதீர்கள். பேட்டரியோ நல்ல பவர் சப்ளையோதான். காப்பர் சல்பேட் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, மீனுக்கும் நஞ்சு. சமையல் பாத்திரம் கூடாது, கையுறையும் கண்ணாடியும் வேண்டும், கரைசலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. செம்பு நேர்முனை வைத்திருந்தால் கரைசல் தீர்வதே இல்லை. மூடி போட்டு, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். முதல் சோதனைக்கு இரும்புச் சாவியை எதிர்முனையாக வைக்காதீர்கள். மின்சாரமே இல்லாமல், முக்கிய மறுகணமே இரும்பு கரைந்து செம்பு அதன் மேல் பொருக்காகப் படிந்துவிடும். சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில் இரும்பைப் போட்டுச் செம்பு எடுத்தது இந்த வழியில்தான். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எலக்ட்ரான் கணக்கு குழம்பிவிடும். செம்பின் மேல் செம்பு என்று ஆரம்பியுங்கள். தராசை மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். தகடு முழுக்கக் காய்ந்த பிறகு நிறுங்கள்.

நான் அடுத்து வெள்ளிக்குப் போகிறேன். சில்வர் நைட்ரேட் விலை அதிகம், கையில் பட்டால் கறுப்புக் கறை ஏறும், இருந்தாலும் ஆசை விடவில்லை. வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரான் போதும், அதன் அணுவும் செம்பு அணுவைவிட 1.7 மடங்கு கனம். ஆகவே அதே 3600 கூலுமுக்கு 1.19-க்குப் பதில் 4.02 கிராம் ஏற வேண்டும். ஒரே கம்பியில் இரண்டு ஜாடிகளையும் தொடராக இணைத்து, ஒன்றில் செம்பையும் மற்றொன்றில் வெள்ளியையும் ஒரே மின்னோட்டத்தில் படியவைத்து, இரண்டு தகடுகளையும் அடுத்தடுத்து நிறுக்கப் போகிறேன். கீழ்வீட்டு அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.